பொட்டு வைத்த மைக்ரோமீட்டர்: வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் இந்தப் பகுதியில், ஆறு வருஷம் ஜன்னல் திட்டில் மழைச்சாரல் வாங்கிக் கிடந்த ஒரு வெர்னியரை மறுபடி ஓட வைத்ததைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஆளுக்கொரு பரண், பரணுக்கொரு துருப்பெட்டி போலிருக்கிறது. அதனால் இந்த முறை மோட்டார், பம்ப் கேள்விகளை ஓரங்கட்டிவிட்டு அளவுக் கருவிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வெர்னியர் ரெண்டு தாடையால் பிடித்து அளப்பது, மைக்ரோமீட்டர் திருகித் திருகி இன்னும் நுணுக்கமாக அளப்பது. பெயரோடு வரும் 0–25, 25–50 எல்லாம் அது எந்த மில்லிமீட்டரிலிருந்து எது வரை அளக்கும் என்பது. புதிதாகப் படிப்பவர்களுக்கு: 34 வருஷம் கோவையில் ஒரு பம்ப் கம்பெனி டூல் ரூமில் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் உட்கார்ந்தவன் நான். இப்போது அதே ஊரில் கணபதிப் பகுதியில் என் வீட்டுத் திண்ணைதான் டூல் ரூம்.

கேள்வி: அப்பா லேத்து பட்டறை வைத்திருந்தார். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. பெட்டியைத் திறந்தால் ஒரு 0–25 மைக்ரோமீட்டர், ஒரு வெர்னியர், இரண்டும் செம்மண்ணில் புரட்டி எடுத்த மாதிரி இருக்கின்றன. மைக்ரோமீட்டர் திருகவே மாட்டேன் என்கிறது. அண்ணன் எடைக்குப் போடச் சொல்கிறார். தேறுமா ஐயா? படம் இணைத்திருக்கிறேன். – வாசகி, திருப்பூர்

எடைக்குப் போட்டால் ரெண்டும் சேர்ந்து அரைக் கிலோகூட நிற்காது அம்மணி. அண்ணனுக்கு ஒரு டீக்குத்தான் ஆகும். போடாதீர்கள்.

படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வளைந்த பிரேமின் நடுவில் பட்டாணி அளவுக்கு வட்டமாக ஒரு குழி தெரிகிறதா? மற்ற இடத்துத் துரு மேலாகப் படர்ந்தது. இது மட்டும் உள்ளே இறங்கியிருக்கிறது. அது ஆயுத பூஜை. உங்கள் அப்பா வருஷா வருஷம் அதே இடத்தில் சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமம் வைத்திருக்கிறார். பூஜைக்கு வைத்த கருவியை அன்றைக்குத் தொட மாட்டோம், விஜயதசமி காலையில்தான் எடுப்போம். ஒரு ராத்திரி முழுக்க ஈரச் சந்தனம் இரும்பின்மேல் உட்கார்ந்திருந்தால் போதாதா? என் கைக்கு வந்த கோயமுத்தூர் மைக்ரோமீட்டர்களில் பாதிக்கு இந்தத் தழும்பு உண்டு. என் சொந்த மைக்ரோமீட்டருக்கும் உண்டு. இப்போதெல்லாம் பொட்டைப் பெட்டி மூடிக்கு வைக்கிறேன். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அந்தக் குழியைத் தேய்த்துச் சமமாக்கப் பார்க்காதீர்கள். பிரேமில் பத்துக் குழி இருந்தாலும் அளவு மாறாது. மைக்ரோமீட்டரில் அளவைச் சொல்வது மூன்றே இடங்கள்: உள்ளே இருக்கும் மரை (திருகுப் புரி), ஆன்வில் என்ற அசையாத முனையின் முகம், ஸ்பிண்டில் என்ற நகரும் தண்டின் முகம். திம்பிளை, அதாவது கையால் திருகும் உருளையை, ஒரு சுற்று சுற்றினால் ஸ்பிண்டில் அரை மில்லிமீட்டர் நகரும். திம்பிளில் 50 கோடு. ஆக ஒரு கோடு 0.01 மி.மீ. அந்த மரைக்குள் துரு புகுந்ததுதான் உங்கள் தொல்லை. துரு, தான் தின்ற இரும்பைவிட ரெண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைக்கும். அதனால்தான் இறுகிப் போகிறது. பலத்தைக் காட்டினால் மரை போய்விடும், அத்தோடு கதை முடிந்தது.

முதலில் பிரேமில் இருக்கும் லாக் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இறுகிப்போச்சு என்று என்னிடம் வந்தவற்றில் சில வெறும் லாக் போட்டவை. சிரிக்காதீர்கள், கொண்டுவந்தவர்கள் அனுபவசாலிகள். லாக் இல்லையென்றால், ஸ்பிண்டில் ஸ்லீவுக்குள் (திம்பிளுக்கு உள்ளே இருக்கும் அசையாக் குழாய்) நுழையும் இடத்திலும் திம்பிள் விளிம்பிலும் துருவுக்கான ஊடுருவும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கருவியைச் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். காலையில் ஒரு சொட்டு, ராத்திரி ஒரு சொட்டு. நாலைந்து நாள் அதை மறந்துவிடுங்கள். மண்ணெண்ணெய் இருந்தால் அதிலும் ஊறப்போடலாம். ஆனால் இப்போது மண்ணெண்ணெய் கிடைப்பது குதிரைக்கொம்பு, டீசல் பரவாயில்லை.

பிறகு பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி திம்பிளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கையால் மட்டும், ரெண்டு பக்கமும் மாற்றி மாற்றி அசைத்துப் பாருங்கள். திம்பிள் நுனியில் இருக்கும் சின்னப் பிடியான ராட்செட்டைப் பிடித்துத் திருகினால் அது டிக் டிக் என்று சுற்றுமே தவிர ஸ்பிண்டில் நகராது. குறடு, கட்டிங் பிளேயர், வைஸ் எதுவும் கிட்டே வரக் கூடாது. அசையவில்லை என்றால் துணியில் சுற்றி வெந்நீர்ப் பையின்மேல் பத்து நிமிஷம் வையுங்கள், அல்லது தலைமுடி உலர்த்தும் மெஷினைக் காட்டுங்கள். சூட்டில் எண்ணெய் இளகி உள்ளே இறங்கும். கேஸ் அடுப்பில் மட்டும் காட்டிவிடாதீர்கள். கடினப்படுத்திய எஃகு 200 டிகிரியைத் தொட்டாலே இளக ஆரம்பிக்கும், அதற்கப்புறம் அது வெறும் இரும்பு.

ஒரு நாள் நிச்சயம் ஒரு முடி அளவு நகரும். அந்த நேரத்தில் ஆசைப்பட்டு ஒரேயடியாகத் திருகிவிடக் கூடாது. கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, ஒரு சொட்டு எண்ணெய். காபிப்பொடிபோல் பழுப்புச் சேறு வெளியே வரும். துடைத்துத் துடைத்துப் போய்க்கொண்டே இருந்தால் 25 தாண்டி ஸ்பிண்டில் முழுசாகக் கழன்று கையில் வரும். இதற்கு எனக்கு ஒரு முறை பதினொரு நாள் ஆயிற்று. மரையை பல் தேய்க்கும் பிரஷ்ஷும் ஒயிட் பெட்ரோலும் கொண்டு கழுவுங்கள். சமையலறையில் வேண்டாம், வாசலில் உட்கார்ந்து செய்யுங்கள். மரையில் எமரித்தாளோ வேறு எந்தத் தேய்ப்புப் பொருளோ படவே கூடாது. தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டு மாட்டுங்கள்.

முகங்களுக்கு ஒரு சுத்தமான வெள்ளைத்தாள் போதும். தாளை இடையில் வைத்து மெதுவாக மூடி, அப்படியே இழுங்கள். தாளில் கறுப்புக் கோடு வரும். கோடு வராத வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிரேமுக்கும் திம்பிளுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மை அழிக்கும் ரப்பர் இருக்கிறதே, அதன் சொரசொரப்பான பாதி. எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் மேல்துரு கழன்று வந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரை எடுத்தீர்களானால் கோடும் எண்ணும் துருவோடு சேர்ந்து போகும்.

வெர்னியர் இதைவிடச் சுலபம். நகரும் பாகத்தின் மேல் ஓரத்தில் ரெண்டு பொடி ஸ்குரூ இருக்கும். அதைத் தளர்த்தினால் உள்ளிருந்து ஒரு மெல்லிய பட்டை விழும். வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு செய்யுங்கள், அந்த ஸ்குரூ கோழிக் கண்ணில்கூடப் படாது. சுத்தம் செய்து மாட்டியபின் ரெண்டு தாடையையும் மூடி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ரெண்டு மூன்று மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) இடைவெளி இருந்தாலே வெளிச்சக் கீற்று தெரியும். ஒரு முடியின் தடிமன் சுமார் எழுபது மைக்ரான் என்றால் எவ்வளவு நுணுக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கேட்டிருந்தீர்கள். பிரேமின் பின்பக்கம் அப்பா ஊசியால் கீறி வைத்த இனிஷியலைத் தேய்த்து எடுக்கலாமா என்று. எதற்கு? பட்டறையில் கருவி காணாமல் போகாமல் இருக்கக் கீறியது. இனிமேலும் போகாமல் இருக்கட்டும்.

கேள்வி: எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டால் துரு முழுசும் போய்விடுவதாக வீடியோவில் காட்டுகிறார்கள். மைக்ரோமீட்டருக்கும் செய்யலாமா? – வாசகர், சேலம்

ஸ்பானர், சுத்தியல், வி-பிளாக், பழைய வைஸ் இதற்கெல்லாம் தாராளமாகச் செய்யலாம். லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு, ஒரு மணி, ரெண்டு மணி நேரம். நடுவில் எடுத்துப் பிரஷ் போட்டுப் பார்க்க வேண்டும், போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. எடுத்ததும் ஆப்பசோடாத் தண்ணீரில் முக்கி, கொதிநீர் ஊற்றி, உடனே துடைத்து எண்ணெய் பூசிவிட வேண்டும். பத்து நிமிஷம் விட்டால் புதுத் துரு மஞ்சளாகப் பூத்துவிடும்.

மைக்ரோமீட்டர், டயல் கேஜ் (முள் சுற்றி அளவு காட்டும் கருவி), ஸ்லிப் கேஜ் (மிகத் துல்லியமான அளவில் செய்த எஃகுத் துண்டு) மூன்றும் அமிலத்துக்குள் இறங்கவே கூடாது. நான் இதைப் படித்துச் சொல்லவில்லை. 1987-ல், வேலையில் சேர்ந்த புதிது, ஒரு 25–50 மைக்ரோமீட்டர் துருவோடு வந்தது. போர்மேன் வருவதற்குள் பளிச்சென்று ஆக்கிக் காட்டி நல்ல பேர் வாங்கலாம் என்று முலாம் போடும் பகுதிக்கு எடுத்துப்போய், அங்கே இருந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொஞ்சம் தண்ணீர் கலந்து போட்டுவிட்டேன். ஒரு மணி நேரம். துரு போயிற்று. திம்பிளின் குரோம் பூச்சும் போயிற்று, அதோடு 50 கோடுகளும் ஒரு சாம்பல் மூட்டமாகிவிட்டன. ரெண்டு நாள் கழித்து ராட்செட்டுக்குள் இருந்த ஸ்பிரிங் தானாகவே ரெண்டாக முறிந்தது. அமிலம் இரும்பை அரிக்கும்போது ஹைட்ரஜன் பிறந்து, கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவந்துவிடும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. போர்மேன் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த மைக்ரோமீட்டரை என் மேஜைக்கு நேர் மேலே ஒரு ஆணியில் தொங்கவிட்டார். மூன்று வருஷம் தொங்கியது.

சலவை சோடாக் கரைசலில் பேட்டரி சார்ஜர் இணைத்துத் துரு எடுப்பதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பெரிய வார்ப்பிரும்புச் சாமான்களுக்கு அருமையான வழி. ஆனால் எதிர்ப்பக்கத் தகடாக எவர்சில்வரை வைக்காதீர்கள். அதிலிருக்கும் குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும். சாதா இரும்புத் தகடு போதும்.

கேள்வி: டபிள்யூடி-40 அடித்து வைத்தால் போதாதா? – வாசகர், மதுரை

ஈரத்தை விரட்டவும் துருவை இளக்கவும் நல்லது. அடித்துவிட்டு அப்படியே பெட்டியில் வைத்தால் சில மாதத்தில் பிசினாகும். விரட்ட அது, காக்க வேறு எண்ணெய்.

கேள்வி: எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான். வெர்னியருக்கும் அதையே தடவி வைத்தேன். இப்போது இறுகிக்கொண்டு ஓட மறுக்கிறது, இடுக்கில் பச்சையாக ஏதோ பிதுங்குகிறது. – வாசகர், நாகர்கோவில்

பச்சையாகப் பிதுங்குவது களிம்பு. உள்ளே இருக்கும் பட்டை பித்தளை அல்லது வெண்கலமாக இருக்கும். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் காறும். காறுவது என்றால் வேறொன்றுமில்லை, எண்ணெய் உடைந்து அமிலமாவதுதான். அந்த அமிலம் செம்பைப் பிடித்தால் பச்சை, இரும்பைப் பிடித்தால் பழுப்பு. போதாததற்கு சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்தும்விடும். மார்கழிக் காலையில் குளியலறையில் இருக்கும் பாட்டிலைப் பார்த்தால் தெரியும், அதேதான் உங்கள் வெர்னியருக்குள்ளும் நடந்திருக்கிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, ஒயிட் பெட்ரோலில் இன்னொரு முறை கழுவி, தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். விளக்கெண்ணெயும் வேண்டாம். அது காய்ந்து வார்னிஷ் மாதிரி ஒட்டும். சமையல் எண்ணெய் எதுவானாலும் வாய்க்குத்தான், மெஷினுக்கு மினரல் எண்ணெய்.

இதே மாதிரி புளி போட்டுத் தேய்த்ததாக மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். குத்துவிளக்குக்குச் சரி.

கேள்வி: உக்கடம் பழைய இரும்புக் கடையில் 87 துண்டு ஸ்லிப் கேஜ் பெட்டி ஒன்று மலிவாகக் கிடைத்தது. ஏழெட்டுத் துண்டு இல்லை, இருப்பதில் பாதி புள்ளி புள்ளியாகத் துரு. மெருகு போட்டுப் பயன்படுத்தலாமா? – வாசகர், கோவை

மெருகு என்ற வார்த்தையை அந்தப் பெட்டி பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லாதீர்கள்.

ஸ்லிப் கேஜ் என்பது என்ன என்று தெரிந்தால் உங்களுக்கே கை நடுங்கும். சுவீடனில் எஸ்கில்ஸ்டூனா துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் ஜோஹான்சன் 1896-ல் கண்டுபிடித்தது. அதற்கு முன்னால் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாக ஒரு கேஜ் செய்து அடுக்கி வைப்பார்கள். அவர் யோசித்தது, நூறு துண்டு இருந்தால் சேர்த்துச் சேர்த்து எந்த அளவையும் கட்டிவிடலாமே என்று. 102 துண்டில், 1 மி.மீ. முதல் 201 மி.மீ. வரை 0.01 வித்தியாசத்தில் இருபதாயிரம் அளவுகள். அவர் வீட்டில் மனைவியின் தையல் மெஷினை மாற்றி அமைத்து, அதில்தான் முதல் துண்டுகளைத் தேய்த்து முடித்தார். என் வீட்டுத் தையல் மெஷினில் எண்ணெய் எடுக்கப் போனாலே எனக்குத் திட்டு விழுகிறது.

இன்றைய ஐ.எஸ்.ஓ. 3650 கணக்குப்படி, 10 மி.மீ. வரையுள்ள முதல் தர ஸ்லிப்புக்குக் கூடக் குறைய அனுமதி 0.20 மைக்ரான். அதாவது மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. நீங்கள் ஆசையாக நாலு இழுப்பு எமரித்தாளில் இழுத்தால் அதைப்போலப் பல மடங்கு போய்விடும். முகமும் குவிந்துவிடும், பார்த்தால் தெரியாது.

செய்யக்கூடியது இதுதான். ஒயிட் பெட்ரோலில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். துருப்புள்ளி குழியாக இருந்தால் கெடுதல் குறைவு, குழி எதையும் தூக்காது. குழியின் விளிம்பில் மேடு கட்டியிருந்தால் அதுதான் வில்லன். தட்டையான அர்க்கன்சாஸ் கல்லை (நுண்ணிய சாணைக்கல்) சுத்தம் செய்துகொண்டு அதன்மேல் ஸ்லிப்பை ரெண்டே முறை, பாரம் கொடுக்காமல் நகர்த்துங்கள். மேடு மட்டும் அடிபடும். அப்புறம் நல்ல ஸ்லிப் ஒன்றோடு சிலுவை மாதிரி குறுக்கே வைத்து, லேசாக அழுத்தித் திருப்பி நேராக்குங்கள். ஒட்டிக்கொண்டு தொங்கினால் பிழைத்தது. வழுக்கிக்கொண்டே இருந்தால் அதை ஓரமாக வையுங்கள், வேலைப்பொருளைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸ்சர் செட்டிங்குக்கோ மில்லிங் மெஷினில் முட்டுக் கொடுக்கவோ ஆகும். இன்ஸ்பெக்‌ஷன் பக்கம் கொண்டுவராதீர்கள்.

அந்தப் புள்ளிகளை உற்றுப் பார்த்தீர்களா? சிலது கைரேகை வடிவத்தில் இருக்கும். எங்கள் டூல் ரூமில் ஒருவர் இருந்தார், தங்கமான வேலைக்காரர். ஆனால் அவர் காலையில் தொட்ட ஸ்லிப்பில் மறுநாள் அவருடைய கட்டைவிரல் ரேகை சுழி சுழியாகத் துருவில் நிற்கும். போலீஸுக்குக் கொடுக்கலாம், அவ்வளவு தெளிவு. சிலர் வியர்வை அப்படி, உப்பு அதிகம். அவர் மனசு நோகக் கூடாது என்று போர்மேன் எல்லோருக்குமே ஷாமி என்ற மெல்லிய, மென்மையான தோலால்தான் ஸ்லிப்பைத் தொட வேண்டும் என்று சட்டம் போட்டார். உங்கள் பெட்டிக்கும் ஒரு துண்டு ஷாமித் தோல் வாங்குங்கள்.

கேள்வி: டயல் கேஜ் முள் நடுவழியில் நிற்கிறது. பிளஞ்சரில் (ஏறி இறங்கும் தண்டு) எண்ணெய் விட்டதும் ரெண்டு நாள் ஓடியது, இப்போது முன்னைவிட மோசம். – வாசகர், ஓசூர்

எண்ணெய் விட்டதுதான் தப்பு. டயல் கேஜ் பிளஞ்சர் எண்ணெய் இல்லாமல் ஓட வேண்டியது. எண்ணெய் விட்டால் பட்டறைத் தூசியைப் பிடித்து அரைத்த மாவாக்கிவிடும். பிளஞ்சரை வெளியே இழுத்து, ஒயிட் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, உலரவிட்டு, பத்துப் பதினைந்து முறை ஏற்றி இறக்குங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் பின்மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே கைக்கடிகாரத்தில் இருப்பது மாதிரி மயிரிழைச் சுருள் ஒன்று இருக்கிறது. பழைய கடிகார ரிப்பேர்காரர் யாராவது உங்கள் ஊரில் மிச்சமிருந்தால் அவரிடம் போங்கள்.

கேள்வி: துரு எடுத்துச் சுத்தம் செய்த மைக்ரோமீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது என்று எப்படி நம்புவது? பூஜ்ஜியம் சரியாக நிற்கிறது. – பாலிடெக்னிக் மாணவர், திண்டுக்கல்

நல்ல கேள்வி தம்பி. துரு எடுக்கிறவர்களில் பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பூஜ்ஜியம் சரியாக இருந்தால் பூஜ்ஜியத்தில் சரி, அவ்வளவுதான். பட்டறை மைக்ரோமீட்டர் மரையில் ஒரே இடம்தான் அதிகம் தேய்ந்திருக்கும். தினமும் 20 மி.மீ. ஷாப்ட் பார்த்தவன் கருவி 20-ல் தேய்ந்திருக்கும்.

0–25 மைக்ரோமீட்டரைச் சோதிக்க ஸ்லிப்பை 5, 10, 15, 20 என்று எடுக்கக் கூடாது. மரை அரை மில்லிமீட்டர் என்பதால் அந்த அளவுகள் எல்லாமே திம்பிளின் ஒரே பூஜ்ஜியக் கோட்டில் வந்து நிற்கும், சுற்றுக்குள்ளே இருக்கும் தப்பு தெரியாது. அதற்காகவே வைத்திருக்கிற அளவுகள் இவை: 2.5, 5.1, 7.7, 10.3, 12.9, 15, 17.6, 20.2, 22.8, 25. கணக்குப் போட்டுப் பார், திம்பிள் ஒரே கோட்டில் நிற்காமல் சுற்றில் ஐந்து இடங்களில் மாறி மாறி நிற்கும். ஒவ்வொன்றையும் ராட்செட் மூன்று சத்தம் போடும் வரை திருகிப் படி. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி கூடினால் ஸ்லீவைக் கொக்கி ஸ்பானரால் திருப்பிப் பூஜ்ஜியம் வைத்துவிடலாம். இடத்துக்கு இடம் மாறினால் மரை தேய்ந்தது.

முகங்கள் சமமா என்று பார்க்க ஆப்டிகல் பிளாட் என்ற கண்ணாடி வில்லை வேண்டும், உங்கள் மெட்ராலஜி லேபில் இருக்கும். சோடியம் விளக்கில் வைத்தால் வானவில் மாதிரி இல்லாமல் கறுப்பும் மஞ்சளுமாகக் கோடு விழும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் சுமார் 0.3 மைக்ரான் உயர வித்தியாசம். துருவில் அடிபட்ட முகத்தில் அந்தக் கோடுகள் கோலம்போல வளைந்திருப்பதை ஒரு முறையாவது பார்த்துவிடு.

சூடும் ஒரு கணக்கு. உலகம் முழுக்க அளவுக்கு ஆதாரம் 20 டிகிரி. 100 மி.மீ. எஃகு 10 டிகிரி ஏறினால் பதினொரு மைக்ரானுக்கு மேல் நீளும். கருவியும் வேலைப்பொருளும் ஒரே சூட்டில் ஒரே மேஜையில் கொஞ்ச நேரம் கிடந்தால் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும். சட்டைப்பையிலிருந்து எடுத்த மைக்ரோமீட்டரால் அப்போதுதான் லேத்திலிருந்து இறங்கிய ஷாப்டை அளக்காதே. சான்றிதழ் வேண்டுமென்றால் லேபுகளுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். ஒப்புக்கொண்ட கேலிபிரேஷன் (அளவு சரிபார்க்கும்) லேபுக்குப் போக வேண்டியதுதான். என் திண்ணை முத்திரை செல்லாது.

கேள்வி: எத்தனை முறை துரு எடுத்தாலும் மூன்றே மாதத்தில் திரும்ப வருகிறது. கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீட்டரில் பட்டறை. – வாசகர், தூத்துக்குடி

காற்றில் உப்பும் இருக்கிறது, ஈரமும் இருக்கிறது. பாதிக் குற்றம் அவற்றின்மேல். மீதி உங்கள் பெட்டியின்மேல் இருக்கலாம். உள்ளே தோல் உறையோ ஸ்பாஞ்சோ இருக்கிறதா? தோலைப் பதனிட்ட ரசாயனம் ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் தின்னும். ஸ்பாஞ்ச் பழசானால் பிசுபிசுத்து ஒட்டி, ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ரெண்டையும் எடுத்து வீசிவிட்டு, வி.சி.ஐ. என்று கேட்டால் கொடுக்கிற துருத் தடுப்புத் தாளில் சுற்றி, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அந்த ஜெல்லை மாதம் ஒரு முறை வாணலியில் வறுத்துக்கொள்ளலாம், பழைய வாணலியில். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் துரு வேகம் பிடிக்கும் என்பதால் டப்பாவுக்குள் அதை மட்டும் தாண்டவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். எங்கள் காலத்தில் டூல் பெட்டிக்குள் கற்பூரம் போடுவார்கள். வாசனைக்காகவாவது நான் இன்னும் ஒன்று போடுகிறேன்.

மைக்ரோமீட்டரை முட்ட மூடி வைக்காதீர்கள். ரெண்டு முகத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் சந்து விடுங்கள். மூடினால் நடுவில் மாட்டிய ஈரம் அங்கேயே குடியிருக்கும்.

கேள்வி: தாத்தா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். அவருடைய இஞ்ச் மைக்ரோமீட்டர் ஒன்று தோல் உறையில் இருக்கிறது, லேசான துரு. மில்லிமீட்டர் காலத்தில் இதை வைத்து என்ன செய்ய? – வாசகர், திருச்சி

பொன்மலை ஒர்க்‌ஷாப் 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து அங்கே வந்தது. எல்லாமே இஞ்ச் கணக்கில் பிறந்த பட்டறை. 1956-ல் மெட்ரிக் சட்டம் வந்தபிறகும் பழைய ஆட்களின் வாயிலிருந்து இஞ்ச் போகவில்லை. இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் பெரியவர் ஒருவர் புஷ் போட வந்தால் “ரெண்டு நூல், நாலு தவ் கம்மி” என்றுதான் சொல்வார். நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, தவ் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு.

படிக்கத் தெரிந்தால் அழகான கருவி. மரை இஞ்சுக்கு 40. ஒரு சுற்றுக்கு 0.025 இஞ்ச். திம்பிளில் 25 கோடு, ஆகக் கோட்டுக்கு ஒரு தவ். பாரிஸில் ழான் லோரான் பால்மர் 1848-ல் காப்புரிமை வாங்கிய திருகு அளவிதான் இதற்குப் பாட்டன். 1867 பாரிஸ் கண்காட்சியில் அமெரிக்காவின் பிரௌன் அண்ட் ஷார்ப் முதலாளிகள் அதைப் பார்த்து ஊருக்குக் கொண்டுபோய் பட்டறைக் கருவியாக்கினார்கள். உங்கள் தாத்தா கையில் இருந்ததும் அந்த வம்சம்தான். திருப்பூர் அம்மணிக்குச் சொன்ன அதே வைத்தியம், ஆனால் துரு லேசு என்பதால் ரப்பரும் எண்ணெயும் போதும். பளபளப்பாக்கி ஷோகேஸில் வைக்க பப் வீலில் (மெருகேற்றும் சக்கரம்) கொடுத்துவிடாதீர்கள், முதல் சுற்றிலேயே கோடு மழுங்கும்.

பழைய அமெரிக்க, இங்கிலாந்து மெஷின்கள் ஓடுகிற பட்டறை எதுவானாலும் அதற்கு இன்னும் வேலை இருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்கும் வேண்டாம் என்றால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள், தபால் செலவு என்னுடையது. தோல் உறையை மட்டும் அங்கேயே விட்டுவிடுங்கள்.